கடை டாக்டர் வீட்டுத் துண்டுக் கடை

கடை டாக்டருக்கு வாரத்துக்கு ஒரு பை நிறையக் கடிதம் வரும். செருப்புக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஒருமுறை வந்து பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருப்பார். தம்பி ஆரம்பித்த புத்தகக் கடையில் தம்பி மட்டும்தான் படித்துக்கொண்டிருக்கிறான் என்று ஓர் அக்கா புலம்பியிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்டிருந்த கம்மல் எங்கே வாங்கியது என்று மட்டும் கேட்டு நாலு பேராவது எழுதியிருப்பார்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவளே பிரித்துப் படிப்பாள்.

அந்தக் கடிதத்தை மட்டும் அவளுக்கு முன்னால் அவளுடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் படித்துவிட்டாள்.

"மேடம், முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் படிங்க."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"உங்க வீட்லதான் ஒரு நோயாளி இருக்காராம்."

கடிதம் நாலே வரி. 'அன்புள்ள டாக்டர், ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறீர்கள். உங்கள் கணவரின் துண்டுக் கடைக்குப் போன வாரம் போனேன். சொந்த வீட்டுக்கு மட்டும் மருந்து கிடையாதா? இப்படிக்கு, ஒரு காலை வைத்துவிட்டு மறு காலுக்கு இடமில்லாமல் திரும்பியவள்.' கூடவே ஒரு புகைப்படம். வாசல் நிறையக் கூடைகள், கூடைகளுக்கு மேல் தொங்கும் துண்டுகள், துண்டுகளுக்கு நடுவே கண்ணாடி மாட்டிய ஒரு முகம். அவளுடைய கணவன் முகம். அந்த முகம் வேறு சிரித்துக்கொண்டிருந்தது.

தயாரிப்பாளர் மேசையைத் தட்டினாள். "ரெண்டாவது வருஷத்தோட முதல் எபிசோட் கிடைச்சாச்சு!"

"அது நடக்காதும்மா."

"ஏன் மேடம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே அதுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டாச்சு."

அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள அவள் வந்த பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பது வயதில், நாலு மாடித் துணிக்கடை ஒன்றின் தரைத்தளத்தில் சட்டை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்டதை மடிக்க வேண்டும். மடித்ததை அடுக்க வேண்டும். அடுக்கியதை அடுத்தவர் வந்து பிரிப்பார். கூட வேலை பார்த்த பெண்கள் பிரிக்கிறவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே மடித்தார்கள். இவள் வேடிக்கை பார்த்துக்கொண்டே மடித்தாள். இரண்டு கையிலும் பை வைத்திருப்பவர் எதையும் தொடுவதில்லை. கணவனைக் கூட்டிக்கொண்டு வருகிற பெண், கணவன் உட்கார இடம் இருந்தால் அரைமணி அதிகம் நிற்கிறாள். மேல் தட்டில் தூங்கும் குழந்தைக் காலுறைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் குழந்தையே எடுத்துக் கொடுத்துவிடும். இதைத் தள மேலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மாற்றிப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை அலங்காரப் பிரிவுக்கு அனுப்பினார்.

பிறகு அவள் கால் தரையில் நிற்கவில்லை. ஜன்னல் அலங்காரம், தள மேற்பார்வை, அதற்கப்புறம் பதினாலு கிளைகளுக்கும் போய் எந்தக் கிளை ஏன் நொண்டுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. போகிற இடமெல்லாம் ஒரு மடக்கு ஸ்டூலும் ஒரு நோட்டுப் புத்தகமும் கூடவே போகும். எதிர்ச் சாரியில் உட்கார்ந்து நாலு கட்டம் போட்டுக் கோடு கிழிப்பாள். நின்றவர்கள், தொட்டவர்கள், நுழைந்தவர்கள், வாங்கியவர்கள். ஒரு முழு நாள் உட்காராமல் ஒரு வார்த்தை ஆலோசனை சொல்ல மாட்டாள். வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசகர் ஆனபோதும் அப்படித்தான்.

தொலைக்காட்சிக்குப் போனது ஒரு விபத்து. காலை நிகழ்ச்சி ஒன்றில் ஐந்து நிமிடம் பேசக் கூப்பிட்டார்கள். "கடைக்காரங்க நம்மள எப்படியெல்லாம் ஏமாத்தறாங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் தொகுப்பாளர்.

"ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா என்னை எதுக்குங்க கூப்பிடறாங்க? பாதிப் பேருக்குக் கதவைத் திறந்து வைக்கவே தெரியலை" என்றாள்.

ஸ்டுடியோவே சிரித்தது. கேமரா பிடித்தவரின் தோள் குலுங்கியதில் படமும் குலுங்கியது. இரண்டே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகள் அவளுடையவை ஆகிவிட்டன. நொடித்த கடைக்குள் அவள் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு நுழைவதைப் பார்க்கவே ஜனங்கள் குளிக்காமல் காத்திருந்தார்கள்.

துண்டுக்கடைக்காரர் இவளுடைய வாழ்க்கையில் நுழைந்தது இதற்கெல்லாம் முன்பு, ஜன்னல் அலங்காரக் காலத்தில். பன்னிரண்டு வெள்ளைத் துண்டு வேண்டும் என்று போய் நின்றாள்.

"துடைக்கவா, பார்க்கவா?" என்று கேட்டார் அவர்.

"பார்க்க. ஜன்னல்ல வைக்கணும்."

"அப்ப இந்த மலிவு ரகம் போதும். நல்லதைக் கொண்டுபோய் வெயில்ல காயப் போடாதீங்க."

மலிவானதை எடுத்துத் தருகிற கடைக்காரரை அவள் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த வாரம் தேவையே இல்லாமல் இன்னும் ஆறு துண்டு வாங்கப் போனாள். அதற்கடுத்த வாரம் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "உங்க வீட்ல எத்தனை பேர் குளிக்கறீங்க?" என்று கேட்டார். அந்த வருஷமே கல்யாணம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வீட்ல எதை வேணாலும் மாத்து. என்னையும் மாத்து, முடிஞ்சா. கடையை மட்டும் தொடாதே."

பதினாலு வருஷமாக அவள் தொடவில்லை. அந்தக் கூடை மலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். கையைப் பையின் வாருக்குள் செருகிக்கொள்வாள்.

ஆகவே, கடிதத்தை அவள் வீட்டில் காட்டவில்லை. கைப்பையில் வைத்தாள். பதின்மூன்று வயது மகள் அம்மாவின் கைப்பையில் சூயிங்கம் தேடி, கடிதத்தைக் கண்டுபிடித்து, சாப்பாட்டு மேசையில் செய்தி வாசிப்பவளைப் போல வாசித்துவிட்டாள்.

துண்டுக்கடைக்காரர் கடைசி வரி வரை கேட்டார். புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். "கூடை நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு, தட்டைத் தள்ளிவிட்டு, "சரி, வரச் சொல்லு" என்றார்.

"யாரை?"

"உன் கேமராக்காரங்களைத்தான். செஞ்சுடு. கடையை என்ன பண்ணணுமோ பண்ணு."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நான் என்னைக்கு உங்கிட்ட ஜோக் அடிச்சிருக்கேன்?"

"தினமும்தான்ப்பா" என்றாள் மகள். "ஒண்ணுக்கும் சிரிப்பு வராது, அவ்வளவுதான்."

மூன்று நாள் படப்பிடிப்பு. முதல் நாள் எல்லாச் சரக்கையும் நடைபாதையில் இறக்கினார்கள். துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை, குளியல் அங்கி என்று தெருவே ஒரு பெரிய படுக்கையறை மாதிரி கிடந்தது. இரண்டாம் நாள் சுவருக்கு வெள்ளை அடித்து, அலமாரிகளைப் பின்சுவரோடு சேர்த்து, அளவுவாரியாக, நிறவாரியாக அடுக்கினாள். மங்கலான நீலத்தில் ஆரம்பித்து ஆழ்ந்த நீலத்தில் முடியும் வரிசையைப் பார்த்து ஒளிப்பதிவாளர் விசிலடித்தார். மூன்றாம் நாள், வாசலில் மிஞ்சியிருந்த கூடைகளையும் இரண்டு மேசைகளையும் காட்டி, "மேடம், இது ஃப்ரேமை மறைக்குது. இதை எடுத்துட்டா உள்ளே கேமரா சுத்தறதுக்கு நல்ல இடம் கிடைக்கும்" என்றார். அவளே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள்.

ஸ்டூல் மட்டும் இந்தத் தடவை வெளியே வரவில்லை. வழக்கமாக, படப்பிடிப்புக்கு முந்தின வாரம் அவளாகவே போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். 'ஒருத்தர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறதை யார் மேடம் பார்ப்பாங்க?' என்று தயாரிப்பாளர் அதைப் படம் பிடிப்பதில்லை. இது கணவன் கடையாயிற்றே, பதினாலு வருஷமாகப் பார்க்கிற கடைதானே என்று இந்த முறை அவளும் விட்டுவிட்டாள்.

ஒளிபரப்பான ஞாயிறு, தெரு முழுக்க அதே பேச்சு. கடையைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் இல்லை. மகள் மட்டும் திரையையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, சாயங்காலத்துல நாம அங்க டான்ஸ் கிளாஸ் நடத்தலாம். அவ்வளவு இடம் இருக்கு" என்றாள்.

"வாயை மூடுடி" என்றார் அப்பா, வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் அவசரமாக.

அப்புறம் அவள் அடுத்தடுத்த கடைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து அதே கடைக்குக் கேமரா திரும்பப் போய் வளர்ச்சியைக் காட்ட வேண்டும். நிகழ்ச்சியின் வழக்கம் அது. ஆகவே வீட்டுக்கு வந்ததும் தினமும் கேட்பாள்.

"இன்னைக்கு எப்படி?"

"நல்லாத்தான் போகுது."

"துண்டு போச்சா?"

"போச்சு."

"தலையணை உறை?"

"அதுவும் போச்சு. நீ சாப்பிடு."

இருபதாவது நாள் ஒரு படப்பிடிப்பு சீக்கிரம் முடிந்தது. மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போய் அவரை அசத்தலாம் என்று கிளம்பினாள். தெருமுனையில் திரும்பியதும் எதிர்ச் சாரியிலிருந்த சாவிக்காரர் கூப்பிட்டார். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கே இடம் உள்ள பூட்டு, சாவிக் கடை அவருடையது. மாற்றுச் சாவி போட்டுத் தருவார்.

"அண்ணி! நல்ல வேளை, வந்தீங்க. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும்."

"சொல்லுங்க."

"எங்க வீட்ல மொத்தம் நாலு பேர். நாலு பேருக்குப் பதினொரு துண்டு எதுக்கு அண்ணி?"

"நீங்கதானே வாங்கியிருப்பீங்க?"

"நான் எங்க வாங்கினேன்? அண்ணன்தான் காசும் கொடுத்து, கடைக்குள்ள வந்து வாங்கிட்டுப் போடாங்கறார். தினம் ஒண்ணு. என் பொண்டாட்டி சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டா. எந்தக் குளத்துல யாரோட குளிக்கிறேன்னு கேக்கறா!"

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த சாவியை மும்முரமாக அராவ ஆரம்பித்தார்.

அவள் சாப்பாட்டு டப்பாவைப் பூட்டுகளுக்கு நடுவே வைத்தாள். "உங்க ஸ்டூலைக் கொஞ்சம் கொடுங்க" என்றாள்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். நோட்டுப் புத்தகம் இல்லாததால் சாவிக்காரரின் ரசீதுத் தாளின் பின்பக்கம் நாலு கட்டம் போட்டாள். ஓர் அம்மா வந்தாள், வாசலில் நின்றாள், உள்ளே எட்டிப் பார்த்தாள். பத்தடி வெற்றுத் தரை. அதற்கு அந்தப் பக்கம் அழகான நீல அலமாரி. அலமாரிக்கு முன்னால் கைகட்டி, சிரித்த முகமாக நிற்கும் கடைக்காரர். அந்த அம்மாவும் பதிலுக்குச் சிரித்துவிட்டு, தெரு பக்கம் நழுவிவிட்டாள். இரண்டு பெண்கள் வந்தார்கள், கடையைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். ஒரு பெரியவர் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். தொட்டுப் பார்க்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றுமே இல்லை. காலை எடுத்துக்கொண்டார்.

நின்றவர்கள் பத்தொன்பது. தொட்டவர்கள், நுழைந்தவர்கள், வாங்கியவர்கள் என்ற மூன்று கட்டங்களும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன.

அவளுக்குக் காது சூடாயிற்று. இதைப் பார்க்கக் கடை டாக்டர் எதற்கு? சட்டை மடித்த பத்தொன்பது வயதுப் பெண்ணே சொல்லிவிடுவாள். துண்டு வாங்க வருகிறவர் முதலில் கையால் வாங்குகிறார். வாசலில் நின்றபடி ஒன்றைத் தடவிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பேசாமல் போகலாம் என்ற தைரியத்தில்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறார். அந்த வெற்றுத் தரையைக் கடந்து, கடைக்காரரின் முகத்துக்கு நேரே போய் நின்று, வாங்காமல் திரும்புகிற துணிச்சல் யாருக்கு வரும்? அந்தப் பத்தடி கேமரா சுற்றுவதற்காக அவளே உண்டாக்கிய இடம். கேமரா மூன்று நாளில் போய்விட்டது. இடம் மட்டும் நின்றுவிட்டது. முதல் தடவையாக அவள் வாங்குகிறவர்களை மறந்துவிட்டு, பார்க்கிறவர்களுக்காக ஒரு கடையைக் கட்டியிருக்கிறாள். அதையும் போயும் போயும் அவருக்கு!

தெருவைக் கடந்தாள். படியேறினாள். அந்தத் தரையில் அவளுடைய செருப்புச் சத்தம் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"வாங்க வாங்க, என்ன வேணும்?" என்று உற்சாகமாக ஆரம்பித்தவர், யாரென்று பார்த்ததும் நிறுத்தினார். "நீயா? இப்பத்தான் ஒரு கூட்டம் போச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்."

"ரெண்டு மணி நேரமா எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் ஆயிரம் துண்டு இருக்க, சட்டை நுனியால் துடைத்தார். "சாவிக்காரன் உளறிட்டானா?"

"பதினொரு துண்டு."

"பன்னெண்டு. ஒண்ணை அவன் மச்சானுக்குக் கொடுத்துட்டான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு வந்தன. "எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்? துண்டு போச்சான்னு கேட்டே. போச்சுன்னேன். எங்கே போச்சுன்னு கேட்டியா?"

"விளையாடாதீங்க. முதல்ல எதுக்குச் சரின்னீங்க? பதினாலு வருஷமாத் தொடாதேன்னீங்களே."

அவர் கொஞ்ச நேரம் நீல வரிசையில் ஒரு துண்டைச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"பொண்ணு அந்தக் கடிதத்தைப் படிச்சா இல்லை, அப்ப உன் முகத்தைப் பார்த்தேன். ஊரே உன்னை டாக்டர்ங்குது. என் கடையால உனக்கு ஒரு தலைகுனிவுன்னா எனக்கு எப்படி இருக்கும்? போகட்டும், மருந்துன்னா கொஞ்ச நாள் கசக்கத்தான் செய்யும்னு இருந்தேன். நீ தப்பா எழுதிக் கொடுத்திருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லை. இப்பவும் தோணலை. ஜனங்களுக்கு இன்னும் பழகலை, அவ்வளவுதான்."

"தப்பாத்தான் எழுதிட்டேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வெளியே வந்து பல வருஷம் ஆகியிருக்கும். சொன்னபோது நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. பத்தடித் தரையைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்ப கூடையை எடுத்துட்டு வந்துடலாமா?" என்றார் ஆவலோடு.

"இன்னும் பத்து நாள்ல கேமரா வருது. அதுக்கு முன்னாடி ரகசியமா மாத்தினா அதுவும் ஒரு பொய்தான். கொஞ்சம் பொறுங்க."

மறுநாள் காலை தயாரிப்பாளரின் அறையில் எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். தயாரிப்பாளர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"மேடம், கவலையே படாதீங்க. முப்பது பேரைக் கூலிக்குக் கொண்டுவந்து கடைக்குள்ள விட்டுடறேன். ஆளுக்கு ரெண்டு பை. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"நிகழ்ச்சியோட பேரே உங்க பேர்தான் மேடம். டாக்டரே தப்பாக் குத்திட்டேன்னு சொன்னா, அப்புறம் எந்த நோயாளி கையை நீட்டுவான்? மேலிடத்துல ரெண்டாவது வருஷத்தையே நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும். ஆனா ஒரு காலைப்பொழுது மட்டும் கொடுங்க. கேமராவைச் சாவிக்கடையில வையுங்க. பத்து மணி வரைக்கும் கடை இப்ப இருக்கற மாதிரி இருக்கும். பத்து மணிக்கு நான் தப்பு எதுன்னு சொல்லிட்டு, எல்லார் முன்னாடியும் திருத்துவேன். மதியத்துக்குள்ள ஜனங்க உள்ளே வரலைன்னா நீங்க நிறுத்தவே வேண்டாம், நானே நிறுத்திக்கறேன்."

தயாரிப்பாளர் விட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "ஜெயிச்சாலும் பார்ப்பாங்க, தோத்தா இன்னும் நல்லாப் பார்ப்பாங்க" என்று முணுமுணுத்தாள். "சரி மேடம். உங்க தலையெழுத்து."

அந்த நாளும் வந்தது. எட்டு மணிக்கே சாவிக்காரர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பூட்டுகளையெல்லாம் பளபளவென்று துடைத்து மாட்டியிருந்தார். தன் கடைக்குள் கேமரா வைத்தால் தன் முகம் படத்தில் வராது என்று தெரிந்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பள்ளி விடுமுறை என்று மகளும் வந்து, ரசீதுத் தாளில் நாலு கட்டம் போட்டு வைத்துக்கொண்டாள். பத்து மணி வரை அவள் கிழித்த கோடுகளெல்லாம் முதல் கட்டத்திலேயே இருந்தன. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

பத்து அடித்ததும் கடை டாக்டர் நடைபாதையில் கேமராவைப் பார்த்து நின்றாள். தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த வசனத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கடையை இப்படி ஆக்கினது நான்தான். பார்க்க நல்லா இருக்குன்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மாசமா யாரும் உள்ளே வரலை. ஏன்னா இந்த இடத்தை நான் உங்க கண்ணுக்காகச் செஞ்சேன். வாங்க வர்றவங்களோட கைக்குச் செய்யலை. இது கடைக்காரர் தப்பு இல்லை, முழுக்க என் தப்பு. இப்ப திருத்தப்போறேன்."

கடைக்காரர் வாசலில் நின்று, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசைகளைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை கூடை மலை வேண்டாம் என்று அவள் சொல்ல, அவரும் தலையாட்டினார். கடிதம் எழுதியவளுக்கு மறு காலை வைக்க வழி வேண்டுமே! வாசலின் இரு புறமும் இடுப்பு உயரத்துக்கு மேசை. ஒன்றில் கை துடைக்கும் சிறு துண்டுகள், மடிப்புக் கலைந்த மாதிரி, தாராளமாக. இன்னொன்றில் தலையணை உறைகள். நடுவில் இருவர் ஒதுங்கிப் போகும் அளவுக்கு வழி, வளைந்து நீல அலமாரி வரை. கடைக்காரர் நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஏதாவது மடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நான் எதை மடிக்கறது? எல்லாம் மடிச்சு வெச்சாச்சே" என்றார்.

"ஒண்ணைப் பிரிங்க. மடிங்க. மறுபடி பிரிங்க."

"இதுக்கா இருபது வருஷம் படிச்சே?"

பத்தேகால் வரை ஒருவரும் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. சாவிக்கடையிலிருந்து தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள். கடைக்காரர் அதே துண்டைப் பதினைந்தாவது தடவையாக மடித்தார். "வரலைன்னா பரவாயில்லை" என்றார் நிமிராமல், மெல்லிய குரலில். "நிகழ்ச்சி போனா போகட்டும். ரெண்டு பேருமாச் சேர்ந்து இங்கயே மடிச்சுக்கிட்டு இருப்போம். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது ஓர் அம்மா, காய்கறிப் பையோடு, வாசலில் நின்றாள். பையை இடக் கைக்கு மாற்றினாள். வலக் கை தானாகப் போய்ச் சிறு துண்டு ஒன்றைத் தொட்டது. விரல்கள் அதைப் பிசைந்தன. பக்கத்துத் துண்டையும் பிசைந்தன. கை அடுத்த மேசைக்குப் போக, கூடவே காலும் ஒரு படி ஏறியது. எதிரே மகள் ரசீதுத் தாளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். அதற்கப்புறம் வந்தவர்கள் யாரும் வெறுமனே எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. ஒருவர் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்து இன்னொருவர் கை நீட்டினார், அவ்வளவுதான். பதினொன்றரைக்கு வாசலில் ஆறு பேர். உள்ளே நாலு பேர். ஒரு பெரியவர், முதுகு தேய்க்கிற மாதிரி முரட்டுத் துண்டு இருக்கிறதா என்று அதிகாரமாகக் கேட்டார். கடைக்காரர் "துடைக்கவா, தேய்க்கவா?" என்று பதில் கேள்வி கேட்டுக்கொண்டே மேல் தட்டுக்குத் தாவினார். ஒரு மாதம் கழித்து அவர் குரலில் பழைய சுறுசுறுப்பு.

பன்னிரண்டு மணிக்குத் தயாரிப்பாளரே தெருவைக் கடந்து ஓடி வந்தாள். "மேடம், அங்கேருந்து பார்த்தா முதுகுதான் தெரியுது! உங்களைக் காணவே காணோம்! மேலிடத்துலேருந்து போன் வந்துடுச்சு, அப்படியே போடுங்கன்னுட்டாங்க. சீக்கிரம் வெளியே வாங்க, முடிவு வசனம் பேசணும்."

கடை டாக்டருக்கு வெளியே வர முடியவில்லை. இரட்டைக் கட்டிலுக்கு விரிப்பு கேட்ட ஒரு புதுப் பெண், அவளைத் தொலைக்காட்சியில் பார்த்ததே இல்லாதவள், அவளைக் கடைப் பணிப்பெண் என்று நினைத்து நாலாவது விரிப்பைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுல பூ கொஞ்சம் பெருசா இருக்கே அக்கா. சின்னப் பூவா வேற காட்டுங்க."

"இதோ எடுக்கறேன்ம்மா" என்றவள் தயாரிப்பாளர் பக்கம் திரும்பி, "அவரைப் பேசச் சொல்லுங்க" என்றாள்.

கடைக்காரருக்கு மைக் குத்தினார்கள். கேமரா முகத்துக்கு நேரே வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு உள்ளே, விரிப்புகளுக்கு நடுவே, முடி கலைந்து, சின்னப் பூ தேடிக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் என்னத்தைச் சொல்றது?" என்றார். "இன்னைக்கு எனக்கு ஓர் ஆள் கூடுதலா வேலைக்கு வந்திருக்காங்க. நல்லாத்தான் செய்யறாங்க. நாளைக்கும் வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"நாளைக்குப் படப்பிடிப்பு இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நாளன்னைக்கு வர்றேன். இப்ப அந்த மேல் தட்டுப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க, எனக்கு எட்டலை."

அவர் மைக்கைக் கழற்றவும் மறந்து, பெட்டியை இறக்க ஓடினார்.